போர்க்கப்பலுக்கு நிலக்கரி கொடுக்கலாமா? நடுநிலை நாடுகளை உலுக்கிய எரிபொருள் வழக்குகள்: ஓர் எளிய விளக்கம்

இரண்டு நாடுகள் போரிடுகின்றன. மூன்றாவது நாடு ஒன்று, தான் எந்தப் பக்கமும் இல்லை என்று அறிவித்துவிட்டது. அதன் துறைமுகத்துக்குள் போரிடும் நாட்டின் போர்க்கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போடுகிறது. "குண்டு வேண்டாம், ஆள் வேண்டாம். எரிபொருள் மட்டும் கொடுங்கள், பணம் தருகிறோம்" என்கிறார் கேப்டன். கொடுப்பதா, மறுப்பதா?

குண்டு கேட்டிருந்தால் பதில் எளிது: முடியாது. குடிநீரும் ரொட்டியும் கேட்டிருந்தாலும் எளிது: தாராளமாக. எரிபொருள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது தீர்ந்துவிட்டால் கப்பல் நடுக்கடலில் திக்கற்றுப்போகும். அதிலுள்ள நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிர் அந்தரத்தில். அது நிறைந்திருந்தாலோ அதே கப்பல் அடுத்த வாரம் எதிரியின் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்கும். அதனால்தான் சர்வதேசச் சட்டம் இதற்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் தரவில்லை. எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எந்த இடத்தில், யார் கையால் என்று அளவு வைத்தது. 1860கள் முதல் நடந்த தகராறுகளில் பெரும்பாலானவை அந்த அளவை ஒட்டியவைதான்.

நீராவியோடு வந்த சிக்கல்

பாய்மரக் கப்பலுக்குக் காற்று போதும். உணவும் நீரும் இருந்தால் மாதக்கணக்கில் கடலில் நிற்கும். நீராவிக் கப்பலின் ஆயுள் அதன் நிலக்கரிக் கிடங்கின் அளவுதான். வேகத்தைக் கூட்டினால் அந்த ஆயுள் மளமளவென்று குறையும்: வேகம் இரட்டிப்பானால் ஒரு மணி நேரத்துக்கு ஆகும் எரிபொருள் ஏறத்தாழ எட்டு மடங்காகும். எந்தக் கேப்டனும் இதனால்தான் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) அளவிலான சிக்கன வேகத்தில் போவார். எதிரியைக் கண்டால் மட்டும் வேகம் பிடிப்பார்.

கரியிலும் தரம் உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் கரிக்குத்தான் கடற்படைகளில் மதிப்பு. சூடு அதிகம், புகை குறைவு. வங்காளக் கரியில் சாம்பலும் புகையும் மிகுதி. அடிவானத்தில் எழும் கரும்புகை எதிரிக்குக் கப்பலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏற்றுவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பல தகராறுகள் அங்கேதான் பிறந்தன. கரிக்கப்பல் போர்க்கப்பலின் பக்கவாட்டில் கட்டப்படும். அதன் அடித்தளத்தில் ஆட்கள் மண்வெட்டியால் சாக்குகளை நிரப்புவார்கள். வின்ச் அவற்றைத் தூக்கி மேல்தளத்தில் இறக்கும். அங்கிருந்து குழாய்வழியாகக் கீழே கிடங்குக்குள் கொட்டுவார்கள். கிடங்குக்குள் நிற்பவர்கள்தான் பாவம்: கொட்டும் கரியை மூலைமுடுக்குக்கெல்லாம் தள்ளிப் பரப்ப வேண்டும், மூச்சு விட்டால் தூள். நல்ல துறைமுகத்தில், அமைதியான நீரில்கூட இது ஒரு முழு நாள் வேலை. நடுக்கடலில் அலை இருந்தால் இரண்டு கப்பல்களும் மோதிக்கொள்ளும். ஆகவே போர்க்கப்பலுக்குக் கரி மட்டும் போதாது, அதை ஏற்ற ஒரு விரிகுடாவும் வேண்டும். ஜிப்ரால்டர், மால்ட்டா, ஏடன், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று வழிநெடுகக் கரித்துறைகளை வைத்திருந்த பிரிட்டனுக்கு அந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் நடுநிலை நாடுகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

சவுத்தாம்ப்டனில் பிறந்த விதி

அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 நவம்பரில் தென் மாநிலங்களின் 'நாஷ்வில்' கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குள் வந்தது. வட மாநிலங்களின் 'டஸ்கரோரா' அதைத் துரத்தி வந்து, கொதிகலனை அணைக்காமல், எப்போது வெளியே வரும் என்று காத்திருந்தது. பிரிட்டனின் துறைமுகம் இரண்டு எதிரிகளின் பதுங்குகுழியாக மாறிக்கொண்டிருந்தது. 1862 ஜனவரி 31 அன்று பிரிட்டிஷ் அரசு விதிகளை அறிவித்தது: போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது, தன் நாட்டின் மிக அருகிலுள்ள துறைமுகத்தை அடையப் போதுமான கரி மட்டும் வாங்கலாம், ஒருமுறை வாங்கினால் தனி அனுமதி இல்லாமல் மூன்று மாதத்துக்குள் பிரிட்டிஷ் எல்லைக்குள் மறுபடி வாங்கக் கூடாது. பிப்ரவரி 3 அன்று நாஷ்வில் கிளம்பியது. டஸ்கரோரா 24 மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டது. இந்த மூன்று அளவுகளும்தான் பிற்காலச் சட்டத்தின் முதுகெலும்பு.

அதே போரில் தென் மாநிலங்களின் 'அலபாமா' உலகக் கடல்களைச் சுற்றி வட மாநில வணிகக் கப்பல்களை எரித்தது. போர் முடிந்தபின் அமெரிக்கா பிரிட்டன் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. 1872 செப்டம்பர் 14 அன்று ஜெனீவா நடுவர் மன்றம் 1 கோடியே 55 லட்சம் டாலர் தங்கமாகக் கட்டச் சொன்னது. அந்தத் தொகைக்குக் கரி விற்றது மட்டும் காரணமல்ல. பிரிட்டிஷ் மண்ணில் கப்பல் கட்டவும் ஆள் சேர்க்கவும் விட்டதுதான் பெரிய குற்றம். கரியைப் பற்றி மன்றம் தனியாக ஒன்று சொன்னது: கரி கொடுத்ததாலேயே ஒரு துறைமுகம் போர்த்தளமாகிவிடாது, காலம், ஆள், இடம் ஆகியவற்றின் தனிச் சூழ்நிலைகள் சேர வேண்டும். இந்த ஒரு வரி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யாருக்கு, எப்போது, எங்கே, எத்தனையாவது தடவை என்று பார்க்காமல் டன் கணக்கை மட்டும் பார்த்தால் எந்த வழக்கும் புரியாது.

இந்த விதியின் பல் எவ்வளவு கூர்மை என்பதை ஸ்பெயின் 1898இல் உணர்ந்தது. அமெரிக்காவோடு போர். பிலிப்பைன்ஸைக் காக்க அட்மிரல் கமாராவின் படை ஜூன் இறுதியில் போர்ட் சையத் வந்து சேர்ந்தது. எகிப்து அப்போது பிரிட்டனின் பிடியில். அங்கே கரி ஏற்ற அனுமதி கிடைக்கவில்லை. முன்னே போகத்தான் கரி தேவைப்பட்டது. வீடு திரும்ப அல்ல. விதி காப்பது இரண்டாவது தேவையை மட்டும். படை சூயஸ் வரை போய்விட்டு ஸ்பெயினுக்கே திரும்பியது. மறுபக்கம் அமெரிக்கத் தளபதி டூயி, போர் தொடங்குமுன்பே ஹாங்காங்கில் 'நான்ஷான்' என்ற பிரிட்டிஷ் கரிக்கப்பலைச் சரக்கோடு சேர்த்து விலைக்கு வாங்கிவிட்டார். போருக்கு முன் வாங்கியது விற்பனை. பின் வாங்கியிருந்தால் வழக்கு.

1907 ஹேக் ஒப்பந்தம் சொல்வது

1907 அக்டோபர் 18 அன்று கையெழுத்தான ஹேக் மாநாட்டின் 13ஆம் ஒப்பந்தம்தான் இந்தத் துறையின் அடிப்படை நூல். தொடக்கநிலை வாசகர் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள் சில மட்டுமே.

5ஆம் விதி: நடுநிலைத் துறைமுகத்தைப் போரிடுபவர் கடற்போர்த் தளமாக ஆக்கக் கூடாது. 6ஆம் விதி: நடுநிலை அரசு போர்க்கப்பலையோ வெடிமருந்தையோ எந்தப் போர்ப் பொருளையோ போரிடுபவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ கொடுக்கக் கூடாது. 7ஆம் விதியைப் படிக்கும் பலர் திகைப்பார்கள்: தன் நாட்டு வணிகர்கள் அவற்றை ஏற்றுமதி செய்வதைத் தடுக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை. அரசு கொடுத்தால் மீறல், வணிகர் விற்றால் வணிகம். இந்த இடைவெளி வழியாகத்தான் முதல் உலகப் போரின் கரிக்கப்பல்கள் எல்லாம் நுழைந்தன.

12ஆம் விதி, நாட்டின் சொந்தச் சட்டம் வேறு ஏதும் சொல்லாவிட்டால், தங்கும் நேரத்தை 24 மணியாக வைக்கிறது. 15ஆம் விதிப்படி ஒரு தரப்பின் மூன்று போர்க்கப்பல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரு துறைமுகத்தில் இருக்கக் கூடாது. 16: இரு தரப்புக் கப்பல்களும் ஒரே துறைமுகத்தில் இருந்தால், ஒன்று கிளம்பி 24 மணி நேரம் கழித்தே மற்றது கிளம்பலாம். 20: ஒரு நாட்டின் துறைமுகத்தில் எரிபொருள் வாங்கிய கப்பல் மூன்று மாதத்துக்கு அதே நாட்டின் எந்தத் துறைமுகத்திலும் வாங்கக் கூடாது. 24: போக வேண்டிய நேரத்தில் போகாத கப்பலைப் போர் முடியும்வரை கட்டிப்போடலாம்.

நடுநாயகம் 19ஆம் விதி. அது இரண்டு அளவுகளை ஒருசேர ஏற்கிறது. ஒன்று, தன் நாட்டின் மிக அருகிலுள்ள துறைமுகம்வரை போகப் போதுமான எரிபொருள். மற்றொன்று, அந்த முறையைக் கடைப்பிடிக்கும் நாடுகளில், எரிபொருளுக்கென்றே கட்டப்பட்ட கிடங்குகள் நிறையும்வரை. இப்படி இரண்டு அளவு வந்ததற்குக் காரணம் பேரம்தான். கடல் முழுதும் கரித்துறை வைத்திருந்த பிரிட்டன் முதல் அளவைப் பிடித்துக்கொண்டு நின்றது. வெளியூரில் தளம் இல்லாத நாடுகளுக்கு அது பட்டினி. கடைசியில் பிரிட்டனும் ஜப்பானும் இந்த 19ஆம் விதியை ஏற்கவில்லை என்று குறித்தே கையெழுத்திட்டன. பிரிட்டன் ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தவே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். ஒரு குரூசர் (வேகமாக ஓடும் நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) 10 நாட் வேகத்தில் நாளுக்கு 240 கடல் மைல் போகிறது, 50 டன் எரிக்கிறது. தாய்நாட்டின் அருகிலுள்ள துறைமுகம் 2,880 கடல் மைல். பன்னிரண்டு நாள், 600 டன். கையிருப்பு 250 டன். முதல் அளவின்படி கொடுக்க வேண்டியது 350 டன். கிடங்கின் மொத்தக் கொள்ளளவு 900 டன் என்றால், இரண்டாம் அளவின்படி 650 டன். அந்தக் கூடுதல் 300 டன்னில் இந்தக் கப்பல் ஆறு நாள் வேட்டையாடலாம்.

சிக்கல் எங்கெல்லாம் வரும்? கேப்டன் நாளுக்கு 70 டன் ஆகும் என்பார். எஞ்சின் பதிவேட்டைக் கேட்காத அதிகாரி ஏமாறுவார். கையிருப்பைக் குறைத்துச் சொல்வார். கிடங்கைத் திறந்து அளக்க வெளிநாட்டுப் போர்க்கப்பலுக்குள் யாருக்கும் உரிமை இல்லை. புயல் வந்தால் என்ன செய்வது என்று கூடுதல் கேட்பார். எத்தனை சதவீதம் நியாயம் என்று விதியில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், வாங்கிய கரியோடு கப்பல் தாய்நாடு நோக்கித்தான் போகிறதா என்று பின்தொடர்ந்து பார்ப்பவர் யார்? கையில் இருந்த ஒரே பாதுகாப்பு மூன்று மாதப் பதிவேடும், கேப்டன் கையொப்பமிட்ட வாக்குமூலமும்தான்.

18,000 கடல் மைல், ஒரு துறைமுகமும் சொந்தமில்லை

இந்த விதிகள் எழுதப்படுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பயணத்தை அறியாமல் 19ஆம் விதியின் சொற்கள் முழுதாகப் புரியாது. ரஷ்ய–ஜப்பான் போர். 1904 அக்டோபர் 15 அன்று அட்மிரல் ரொஜெஸ்த்வென்ஸ்கியின் படை பால்டிக் கடலின் லிபாவ் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. போக வேண்டியது ஆப்பிரிக்காவைச் சுற்றி ஜப்பான் கடலுக்கு. வழியில் ரஷ்யாவுக்கு ஒரு துறைமுகமும் கிடையாது. பிரிட்டன் ஜப்பானின் கூட்டாளி; போர்முனைக்குப் போகும் படைக்குக் கரி கிடையாது என்று ஆகஸ்டிலேயே மால்ட்டாவில் அறிவித்துவிட்டது.

ரஷ்யா கண்ட வழி, ஹாம்பர்க்–அமெரிக்கா லைன் என்ற ஜெர்மன் கப்பல் நிறுவனத்தோடு ஒப்பந்தம். சுமார் 60 கரிக்கப்பல்கள் வழிநெடுகக் காத்திருந்து கரி தரும். கரியில் பெரும்பகுதி வேல்ஸ் கரிதான். ஜெர்மனி நடுநிலை நாடு. இது தனியார் வணிகம் என்றது. ஜப்பானின் நியாயமும் லேசானதல்ல: ஒரு படையை ஒட்டியே, அதன் உத்தரவுப்படி, துறைமுகம் துறைமுகமாகக் காத்திருக்கும் கப்பல் வணிகக் கப்பலா, படையின் ஒரு பகுதியா?

ஸ்பெயினின் விகோவில் முதல் முட்டல். ஜப்பானையும் பிரிட்டனையும் பகைக்க விரும்பாத ஸ்பெயின் கப்பலுக்கு 400 டன் என்று கட்டுப்படுத்தியது. நவம்பர் 12 அன்று பிரெஞ்சு டகார். பிரான்ஸ் ரஷ்யாவின் கூட்டாளி. ஆனால் அந்த ஏப்ரலில்தான் பிரிட்டனோடும் சமரசம் செய்திருந்தது. 1902 பிரிட்டன்–ஜப்பான் ஒப்பந்தப்படி, ஜப்பான் இரண்டு வல்லரசுகளோடு போரிட நேர்ந்தால் பிரிட்டன் இறங்க வேண்டும். பிரான்ஸ் எல்லை மீறி உதவினால் ஐரோப்பாவே தீப்பற்றும். டகாரின் சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் இவ்வளவு பாரம் இருந்தது.

அடுத்த கரி எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் ஒவ்வொரு போர்க்கப்பலும் சுமார் 2,200 டன் ஏற்ற உத்தரவு. கிடங்கு கொள்ளாது. மேல்தளத்தில், தாழ்வாரங்களில், அறைகளில் எல்லாம் கரி. கடும் வெயில், தூள் உள்ளே போகாதிருக்கக் காற்றோட்ட வழிகளை அடைத்திருந்தார்கள், வாயில் பஞ்சைக் கவ்விக்கொண்டு ஆட்கள் வேலை செய்தார்கள். 'ஒஸ்லியாபியா' கப்பலில் ஓர் இளம் அதிகாரி வெப்பத்தால் இறந்தார். கப்பல்கள் வடிவமைத்த ஆழத்தைவிடத் தாழ்ந்து மிதந்தன; பக்கவாட்டுக் கவசத்தின் முக்கியப் பட்டை நீருக்குள் அமிழ்ந்தது. 1907 விதியில் "எரிபொருளுக்கென்றே கட்டப்பட்ட கிடங்கு" என்ற சொற்களைப் படிக்கும்போது டகாரின் மேல்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள் இருந்திருந்தால் அந்தக் குவியல் சட்டத்துக்கு வெளியே நின்றிருக்கும்.

காபோனுக்குப் பிறகு, டிசம்பர் 6 அன்று, போர்ச்சுகலின் அங்கோலாவிலுள்ள கிரேட் ஃபிஷ் விரிகுடா. அங்கே காவலுக்கு இருந்தது 'லிம்போபோ' என்ற ஒரேயொரு சிறு பீரங்கிப் படகு. அத்தனை பெரிய படையை அது வெளியேறச் சொன்னது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் நிற்கிறோம் என்று பதில் வந்தது. அந்தக் காலத்தில் மூன்று மைலுக்கு அப்பால் பொதுக்கடல். கரி ஏற்றிக்கொண்டு மறுநாள் போனார்கள். அந்தச் சிறு படகின் துணிவை நான் மதிக்கிறேன். நடுநிலை என்பது உரிமை மட்டுமல்ல, செயல்படுத்த வேண்டிய கடமையும்கூட. ஆனால் சட்டம் கடமையைச் சமமாகத்தான் பங்கிடும், பீரங்கியை அல்ல.

பிறகு ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவின் ஆங்ரா பெக்கென்யா. பிறகு மடகாஸ்கரின் நோசி பே விரிகுடாவில் ஜனவரி 9 முதல் மார்ச் 16 வரை, இரண்டு மாதத்துக்கும் மேல். 24 மணி நேர விதியோடு இதை ஒட்டிப் பாருங்கள்! பிரெஞ்சுச் சட்டம் அப்படிக் கால எல்லை எதுவும் வைக்கவில்லை என்பதே பாரிஸின் வாதம். இந்தியப் பெருங்கடலைக் கடக்கும்போது நடுக்கடலிலேயே படகுகளில் சாக்குகளை ஏற்றி மாற்றிக்கொண்டார்கள். ஏப்ரல் 14 அன்று பிரெஞ்சு இந்தோசீனாவின் காம் ரான் விரிகுடா. இப்போது படை ஜப்பானுக்கு அருகில். ஜப்பானின் கண்டனம் உச்சத்துக்குப் போனது. ஏப்ரல் 22 அன்று பிரெஞ்சு அட்மிரல் வெளியேறச் சொன்னார். படை வெளியேறிச் சிறிது வடக்கே வான் ஃபோங் விரிகுடாவுக்குள் புகுந்துகொண்டது. மே 14 வரை இந்தக் கண்ணாமூச்சி. மே 27, 28 தேதிகளில் சுஷிமாவில் அந்தப் படை அழிந்தது.

தப்பிய மூன்று குரூசர்கள், 'அரோரா' உட்பட, அமெரிக்காவின் கையிலிருந்த மணிலாவுக்கு ஓடின. கரியும் பழுதுபார்க்க நேரமும் கேட்டார்கள். போரில் பட்ட அடியைப் பழுதுபார்க்க நேரம் தர முடியாது, 24 மணி நேரத்தில் போங்கள் அல்லது ஆயுதத்தை ஒப்படையுங்கள் என்றது வாஷிங்டன். போர் முடியும்வரை அவை அங்கேயே கட்டுண்டு கிடந்தன. பிரான்சின் நீண்ட விருந்தோம்பலையும் அமெரிக்காவின் கறாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஹேக்கில் கூடியவர்கள் விதி எழுதினார்கள்.

1914: எம்டனும் டச்சுக்காரர்களும்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளை எரித்த ஜெர்மன் குரூசர் எம்டனை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அது எங்கிருந்து கரி பெற்று வங்காள விரிகுடாவுக்குள் வந்தது என்பதுதான் இங்கே பாடம்.

ஆகஸ்டு இறுதியில் எம்டன் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், தானா ஜம்பேயா அருகே கரிக்கப்பலைத் தேடி வந்தது. அங்கே இருந்தது டச்சுக் கவசக் கப்பல் 'ட்ரோம்ப்'. டச்சு நிலைப்பாடு மரியாதையாகவும் தெளிவாகவும் தெரிவிக்கப்பட்டது: டச்சு நீரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரம். எம்டன் அங்கிருந்து போனது. செப்டம்பர் 4 அன்று சுமத்ராவுக்கு மேற்கேயுள்ள சிமெலுவே தீவின் ஒதுக்கமான துறையில் 'மார்கோமானியா' என்ற ஜெர்மன் கப்பலிலிருந்து கரி ஏற்றியது. டச்சு அதிகாரி படகில் வந்து நேரம் முடிந்ததை நினைவூட்டினார். அந்தத் தீவுக்கூட்டத்தின் கதவு அதோடு மூடியது.

பிறகு எம்டன் வாழ்ந்தது பிற கப்பல்களிலிருந்து கைப்பற்றிய கரியில். செப்டம்பர் 10 வாக்கில் பிடித்த 'பொன்டோபொரோஸ்' கிரேக்கக் கப்பல். கிரேக்கம் அப்போது நடுநிலை நாடு. ஆனால் அது சுமந்தது பிரிட்டிஷ் பயன்பாட்டுக்கான 6,500 டன் இந்தியக் கரி. நடுநிலைக் கொடி கப்பலைக் காக்கும், எதிரிக்குப் போகும் போர்ச்சரக்கைக் காக்காது. அந்த இந்தியக் கரி எம்டனுக்குப் பிடிக்கவில்லை, புகையும் சாம்பலும். செப்டம்பர் 27 அன்று 'பியூரெஸ்க்' சிக்கியது: 6,600 டன் கார்டிஃப் கரி, பிரிட்டிஷ் கடற்படைக்கே போய்க்கொண்டிருந்தது. பியூரெஸ்க்கிலிருந்து அக்டோபர் 9 அன்று கரி மாற்றிய இடம் டியகோ கார்சியா. அது பிரிட்டிஷ் தீவு. போர் மூண்ட செய்தியே அங்கே எட்டியிருக்கவில்லை.

அதே காலத்தில் பசிபிக்கின் மறுகரையில் ஜெர்மன் படையோடு அட்மிரல் ஷ்பே. நவம்பர் 1 அன்று சிலிக் கரைக்கு அப்பால் கொரோனெலில் பிரிட்டிஷ் படையை வென்றபின் அவரிடம் ஐந்து கப்பல்கள். நவம்பர் 3 அன்று சிலியின் வால்பரைசோவுக்குள் நுழைந்தவை மூன்று. 15ஆம் விதியின் எண்ணிக்கை அவ்வளவுதான். மற்ற இரண்டும் வெளியே காத்திருந்தன. விதியைக் கடலில் நின்று எண்ணியவர்கள் அவர்கள். ஆனால் அதே படையின் 'டிரெஸ்டன்' 1915 மார்ச்சில் கரி ஏறக்குறைய தீர்ந்து சிலியின் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் ஒதுங்கியபோது, மார்ச் 14 அன்று பிரிட்டிஷ் குரூசர்கள் நடுநிலை நீருக்குள்ளேயே அதைச் சுட்டன. பிரிட்டன் பின்னால் சிலியிடம் வருத்தம் தெரிவித்தது. நேரம் கடந்து தங்கிய கப்பலைக் கட்டிப்போடுவது சிலியின் வேலை. அந்தத் தீவில் அதைச் செய்ய சிலியிடம் ஒரு போர்க்கப்பலும் இல்லை. இரண்டு தரப்பும் தவறு செய்து, மூன்றாமவர் அவமானப்பட்ட வழக்கு இது.

காகிதத்தில் பிடிபட்ட கரி

அமெரிக்கா 1917 வரை நடுநிலை. அதன் துறைமுகங்களிலிருந்து வணிகக் கப்பல்கள் கரி ஏற்றிக் கிளம்பும். சுங்கத் தாளில் ஏதோ ஒரு தென்னமெரிக்கத் துறைமுகம் எழுதியிருக்கும். கப்பல் அங்கே போகாது. நடுக்கடலில் ஜெர்மன் குரூசரைச் சந்தித்துவிட்டு வெறும் அடித்தளத்தோடு திரும்பும்.

இதை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? கரி விற்பது குற்றமல்ல. ஆகவே அரசு வழக்கறிஞர்கள் பொய்த் தாளைப் பிடித்தார்கள். ஹாம்பர்க்–அமெரிக்கா லைனின் அமெரிக்கத் தலைவர் கார்ல் பியூன்ஸும் சக அதிகாரிகளும், பொய்யான சுங்க அறிவிப்புக் கொடுத்து அமெரிக்காவை ஏமாற்றச் சதி செய்ததாக 1915 டிசம்பரில் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1915 மார்ச் 4 அன்று, போர்க்கப்பலுக்கு எரிபொருள் கொண்டுபோவதாகச் சந்தேகப்படும் கப்பலுக்குக் கிளம்ப அனுமதி மறுக்கும் அதிகாரத்தைக் காங்கிரஸ் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருந்தது.

இன்னொரு வழி ஹொனலூலுவில் பிறந்தது. 1914 அக்டோபரில் ஜெர்மன் பீரங்கிக் கப்பல் 'கைர்' அங்கே பழுதோடு வந்து, போக முடியாமல் நவம்பரில் கட்டிப்போடப்பட்டது. 'லொக்சுன்' என்ற ஜெர்மன் வணிகக் கப்பலும் வந்தது. அது மணிலாவில் 3,000 டன்னுக்கு மேல் கரி ஏற்றி, செலிபிஸ் தீவின் மெனாடோவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்திருந்தது; கரி போய்ச்சேர்ந்ததோ கைருக்கு. அமெரிக்க அரசு லொக்சுனைக் கைரின் துணைக் கப்பல் என்று தீர்மானித்து, போர்க்கப்பலுக்குரிய விதியையே அதற்கும் பூட்டி, அதையும் கட்டிப்போட்டது. செயலால் ஒரு வணிகக் கப்பல் படையின் பகுதியாகிவிடலாம் என்ற இந்தத் தீர்ப்பு 1904இன் ஜப்பானியக் கண்டனத்துக்குப் பத்தாண்டு கழித்துக் கிடைத்த பதில்.

கரி போய் எண்ணெய் வந்தபோது

எண்ணெய்க்கு ஆள்படை வேண்டாம், தூள் இல்லை. ஒரு குழாயும் ஒரு பம்பும் போதும், ஓரிரவில் வேலை முடியும். தகராறின் இயல்பு இதனால் மாறியது. கரிக்காலத்தில் எல்லாரும் பார்க்க நடந்ததை எவ்வளவு என்று வழக்காடினார்கள். எண்ணெய்க் காலத்தில் நடந்ததா என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. 1940 ஜனவரி இறுதியில் ஜெர்மன் நீர்மூழ்கி யு-25, ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் நின்றிருந்த 'தாலியா' என்ற ஜெர்மன் கப்பலின் பக்கம் இரவில் ஒட்டி நிரப்பிக்கொண்டது. விகோவிலும் லாஸ் பால்மாஸிலும் அதே போல் நடந்தது. போருக்குப் பயந்து ஒதுங்கிய வணிகக் கப்பல் என்ற பெயரில் நின்றவை மிதக்கும் எண்ணெய்க் கிடங்குகளாக இருந்தன. பிரிட்டன் கண்டித்தது, ஆனால் கண்டிக்கச் சான்று தேவைப்பட்டது.

அந்த அட்மிரலின் பெயர் தாங்கிய ஜெர்மன் போர்க்கப்பல் 'கிராஃப் ஷ்பே' இன்னொரு வழி காட்டியது: 'ஆல்ட்மார்க்' என்ற எண்ணெய்க் கப்பலைத் தென் அட்லாண்டிக்கில் நிறுத்தி, நடுநிலைத் துறைமுகத்தையே தொடாமல் ஓடியது. 1939 டிசம்பர் 13 இரவு அடிபட்டு உருகுவேயின் மொன்டெவிடியோவுக்குள் வந்தபோதுதான் விதிகளிடம் சிக்கியது. உருகுவே பழுதுபார்க்க 72 மணி நேரம் கொடுத்தது. வெளியே உதவிப்படை வரும்வரை அதை உள்ளே வைத்திருக்க விரும்பிய பிரிட்டன், துறைமுகத்திலிருந்த தன் வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாகக் கிளப்பி, 24 மணி நேர இடைவெளி விதியைக் காட்டி வாதாடியது. டிசம்பர் 17 அன்று கேப்டன் லாங்ஸ்டோர்ஃப் கப்பலைத் தானே தகர்த்தார்.

இன்றைய நிலை

1994இன் சான் ரெமோ கையேடு ஒப்பந்தமல்ல. கடற்போர்ச் சட்ட வல்லுநர்கள் தொகுத்தது. ஆனாலும் கடற்படைகள் அதைக் கையில் வைத்திருக்கின்றன. அதன் 20ஆம் பத்தியின்படி நடுநிலை நாடு, தன் நடுநிலை கெடாமல், போரிடுபவரின் போர்க்கப்பலோ துணைக் கப்பலோ தன் சொந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றை அடையப் போதுமான உணவு, நீர், எரிபொருள் நிரப்ப அனுமதிக்கலாம். 1862இன் அளவு அப்படியே நிற்கிறது. கிடங்கு நிரப்பும் அளவு அங்கே இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த விருந்தோம்பல் கப்பலுக்கு மட்டும். போரிடும் நாட்டின் ராணுவ விமானம் நடுநிலை வான்வெளிக்குள் நுழையவே கூடாது என்பது வழக்காறு. 1971இல் இந்தியா தன் வான்வெளியை மூடியபின் பாகிஸ்தான் விமானங்கள் இலங்கையில் எரிபொருள் நிரப்பியதும், 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாய், சென்னை உள்ளிட்ட இந்திய நிலையங்களில் நிரப்பியதும் எழுப்பிய புயல்களைக் கப்பல் விதியால் அளந்தால் தவறான விடை கிடைக்கும். 1991இல் இன்னொரு சிக்கலும் உண்டு: ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானத்தின் பேரில் நடக்கும் போரில் பழைய நடுநிலைக் கடமைகள் முழுதாகச் செல்லுமா என்பதிலேயே கருத்து ஒன்றாக இல்லை.

இன்று போர்க்கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே டாங்கரிடமிருந்து நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே நடுநிலைத் துறைமுகத்துக்கு வருவது போர்க்கப்பலாக இல்லாமல் டாங்கராக இருக்கும். அது கடற்படையின் துணைக் கப்பல் என்றால் போர்க்கப்பலுக்குரிய அளவுதான் அதற்கும். அதன் எஞ்சின் வீடு திரும்ப எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. அது வாடகைக்கு எடுத்த வணிக டாங்கர் என்றால் துறைமுக அதிகாரி கேட்க வேண்டியவை ஹொனலூலுவில் கேட்கப்பட்டவையே: வாடகை கட்டுவது யார், போன தடவை ஏற்றிய சரக்கு எங்கே இறங்கியது, தாளில் எழுதிய துறைமுகத்தைக் கப்பல் தொட்டதா.